மருத்துவமனையில் இருக்கும் நம் தோழிக்காக

குழுவினருக்கு வணக்கம். நம் தோழியின் 4 வயது மகள் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கிறாள். தோழியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

யாரும் நேரில் பார்க்கப் போகவேண்டாம். கீமோதெரபியால் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். நமக்குச் சாதாரணச் சளி, குழந்தைக்கு உயிராபத்து. பூங்கொத்தும் கூடாது.

ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் (தட்டணுக்கள்) அடிக்கடி தேவைப்படலாம். அதைச் சுமார் 5 நாட்கள்தான் வைத்திருக்க முடியும் என்பதால் எல்லோரும் ஒரே நாளில் தானம் கொடுக்க ஓடிப் பயனில்லை. ரத்த வகையை எனக்குத் தனியாக அனுப்புங்கள். ரத்த வங்கி கேட்கும்போது அழைக்கிறேன். அண்மையில் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்கள் அதையும் குறிப்பிடுங்கள்.

நேற்று தோழி கேட்டது, நீள ஒயர் உள்ள போன் சார்ஜர். கட்டிலிலிருந்து பிளக் அவ்வளவு தள்ளி இருக்கிறதாம். இப்படிச் சின்னச் சின்னத் தேவைகள்தான் அவரை வாட்டுகின்றன. மூத்தவனைப் பள்ளியில் விட்டு அழைத்துவரவும், இரவுச் சாப்பாட்டை வார்டு வாசலில் கொடுத்துவரவும் ஆள் வேண்டும்.

கைவைத்தியக் குறிப்புகளைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். "எப்படி இருக்கிறாள்?" என்று ஒவ்வொருவரும் கேட்டால், பாவம், அவர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லவேண்டியிருக்கிறது. "பதில் வேண்டாம், நாங்கள் இருக்கிறோம்" என்று எழுதுங்கள், போதும்.

சாப்பாட்டுக்குப் பெயர் தருபவர்கள், எந்தக் கிழமை என்பதை இன்று இரவுக்குள் இங்கே எழுதிவிடுங்கள்.