பழைய படம் போடுகிற சேனல்களுக்கு ஒரு ஆபரேட்டரின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு தனியார் சேனலில் ‘அந்த நாள்’ போட்டார்கள். 1954இல் வந்த படம், எஸ். பாலசந்தர் இயக்கியது. பாட்டு, நடனம், சண்டை எதுவும் கிடையாது. தொடங்கியதுமே சிவாஜி சுடப்பட்டுச் செத்துவிடுவார். யார் சுட்டது என்பதுதான் மீதிப் படம். சேனல்காரர்கள் டைட்டிலோடு சேர்த்து அந்தத் தொடக்கத்தையும் வெட்டிவிட்டு விசாரணையிலிருந்து போட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பேரன், “செத்தது யாரு தாத்தா?” என்று கேட்டான்.

நான் பரமக்குடிப் பக்கம் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன். புரொஜெக்டருக்குள் வெளிச்சத்துக்காகக் கார்பன் குச்சி எரிந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். டிஜிட்டல் வந்து, புரொஜெக்டரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டபோது வெளியே வந்தேன். எங்கள் காலத்தில் பிரேம் கொஞ்சம் இறங்கி நடிகர் தலை மறைந்தால் போதும், தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். கேபினை நோக்கி வசவும் வரும். டிவியில் தினமும் தலை வெட்டப்படுகிறது, விசில் அடிக்க ஆளில்லை.

தலை ஏன் வெட்டப்படுகிறது என்று பலருக்குத் தெரியாது. 1950கள் வரைக்கும் வந்த படங்களின் சட்டம் ஏறக்குறைய சதுரமாக இருக்கும். அகலம் நாலு பங்கென்றால் உயரம் மூன்று பங்கு. இன்றைய டிவி 16க்கு 9. பழைய படத்தை அதில் முழுசாகக் காட்டினால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். அது கண்ணை உறுத்துகிறது என்று படத்தைப் பெரிதாக்கிவிடுகிறார்கள். மேலும் கீழுமாகக் கால் பங்கு படம் காணாமல் போகிறது. இல்லையென்றால் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறார்கள். பத்மினி முகம் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகிவிடும். ‘அந்த நாள்’ படத்தில் ஒளிப்பதிவாளர் மாருதிராவ் இருட்டையும் நிழலையும் அளந்து வைத்திருப்பார். அதன்மேல் சேனல் சின்னம் ஒரு மூலையில், சோப்பு விளம்பரம் இன்னொரு மூலையில், கீழே ஓடுகிற எழுத்து வேறு. டைட்டிலும் போய்விட்டதால், அந்த இருட்டையும் நிழலையும் அமைத்தது மாருதிராவ் என்று பார்க்கிறவனுக்குத் தெரிய வழியே இல்லை.

சரி, இது பாதிக் குறைதான். இன்னொரு பாதியை யாரும் பேசுவதில்லை. தியேட்டரில் நாங்கள் படத்தை மட்டும் ஓட்டவில்லை. முதலில் மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் எடுத்த குறும்படம் ஓட்டியாக வேண்டும், அது சட்டம். ஜனங்கள் அதை நியூஸ் ரீல் என்பார்கள். அணைக்கட்டுத் திறப்பு, வெள்ள நிவாரணம் என்று வந்தால் பாதிப் பேர் வெளியே முறுக்கும் டீயுமாக நிற்பார்கள். என்றைக்காவது கார்ட்டூன் வந்துவிட்டால் மட்டும் பையன்கள் கூச்சல் போட்டுக்கொண்டு உள்ளே ஓடி வருவார்கள்.

அந்தக் கார்ட்டூன்களுக்கு ஒரு கதை இருக்கிறது. 1956இல் பம்பாயில் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்குச் சொல்லிக்கொடுக்க அமெரிக்காவிலிருந்து கிளேர் வீக்ஸ் என்பவர் வந்தார். டிஸ்னியில் ‘பாம்பி’ படத்தில் வேலை பார்த்தவர். அவரிடம் பழகியவர்கள் அடுத்த ஆண்டே ஆலமரத்து மானைப் பற்றிய, புத்தரின் முற்பிறவியைச் சொல்லும் ஜாதகக் கதையைப் படமாக்கினார்கள். உருவங்களை அஜந்தா ஓவியச் சாயலில் வரைந்தார்கள். அந்தக் குழுவில் ஒருவர் சென்னையில் வேதியியல் படித்துக்கொண்டிருந்துவிட்டுப் படம் வரையப் போனவர். பின்னாளில் இந்திய அனிமேஷனுக்கே தந்தை என்று பெயர் வாங்கிய ராம் மோகன் அவர்தான். ஜப்பானியர்களோடு சேர்ந்து அவர் வேலை செய்த ராமாயண அனிமேஷன் படம் 2025 ஜனவரியில் தமிழிலும் தியேட்டருக்கு வந்ததே, பார்த்திருப்பீர்கள். ஆனால் அவர் கை பழகிய அந்தச் சின்னப் படங்களை எந்த டிவியில் பார்ப்பது?

கார்ட்டூன் என்றாலே டிவிக்காக, குழந்தைக்காக எடுத்தது என்று ஒரு நினைப்பு ஊறிவிட்டது. டாம் அண்ட் ஜெர்ரியை 1940இல் எம்ஜிஎம் கம்பெனி தியேட்டருக்காகத்தான் எடுக்க ஆரம்பித்தது, பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டுவதற்காக. பெரியவர்களும் கைதட்டிப் பார்த்த சரக்கு அது. 1995இல் கார்ட்டூன் நெட்வொர்க் நம் நாட்டுக்கு வந்தபோது, பகலில் கார்ட்டூன், பிறகு அதே சேனலில் டிஎன்டி என்று எம்ஜிஎம்மின் பழைய ஆங்கிலப் படங்கள் வரும். இரண்டும் ஒரே கம்பெனிப் பெட்டியிலிருந்து வந்தவை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரவுக் காட்சி முடித்து வீடு திரும்பியபின் அதில் கருப்பு வெள்ளைப் படங்கள் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டது உண்டு. வசனம் பாதி புரியாது, லைட்டிங் முழுசாகப் புரியும்.

2012 அக்டோபரில் நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தேன். அங்கே டிசிஎம் என்று ஒரு சேனல். விளம்பரமே கிடையாது. படம் போடுவதற்கு முன் ராபர்ட் ஆஸ்போர்ன் என்ற பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, இதை யார் எடுத்தார்கள், எதைக் கவனிக்க வேண்டும் என்று நிதானமாகச் சொல்வார். ஒரு ராத்திரி அரிய அனிமேஷன் மட்டுமே போட்டார்கள். நியூயார்க் ஸ்டுடியோக்களில் எடுத்த ஊமைக் கார்ட்டூன்கள் வந்தன. அப்புறம் லோட்டே ரைனிகர் என்ற ஜெர்மன் பெண்மணி 1926இல் முடித்த இளவரசர் அகமது கதை. கறுப்பு அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, கை கால் மூட்டுகளைக் கம்பியால் கோத்து, கண்ணாடிமேல் வைத்துக் கீழிருந்து விளக்குப் போட்டு, ஒவ்வொரு பிரேமுக்கும் இம்மியளவு நகர்த்தி மூன்று வருடம் எடுத்த படம். முழுநீள அனிமேஷனில் இன்று மிச்சமிருப்பவற்றில் இதுதான் பழையது. நம்மூர்த் தோல்பாவைக்கூத்து பார்த்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். மருமகன் தூங்கப் போய்விட்டார், நான் எழுந்திருக்கவில்லை.

“யூடியூபில் எல்லாமே இருக்கே தாத்தா” என்கிறான் பேரன். இருக்கிறது. தேடுவதற்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டுமே? எனக்கு ரைனிகரின் பெயரைச் சொன்னது டிவி.

நம்மிடம் போனது போக மிச்சம் குறைவு. தமிழின் முதல் பேசும் படமான 1931ஆம் வருடத்துக் ‘காளிதாஸ்’ ஒரு ரீல்கூட இல்லை. இந்திய சினிமாவின் முன்னோடி பால்கே 1915இல் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தி எடுத்த அனிமேஷனும் இல்லை. அந்தக் கால நைட்ரேட் பிலிம் பற்றிக்கொண்டால் அணையாது. எரியாமல் தப்பியதில் நிறைய, பிலிமில் இருக்கும் வெள்ளியை எடுப்பதற்காகக் கரைக்கப்பட்டது. ஆகவே இருப்பதையாவது காட்டுங்கள் என்கிறேன்.

என் வேண்டுகோள் டிடி தமிழுக்கு. தனியார் சேனலுக்கு விளம்பரக் கணக்கு இருக்கிறது, அவர்களிடம் கேட்டுப் பயனில்லை. பிலிம்ஸ் டிவிஷனும் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்எஃப்டிசியோடு சேர்ந்துவிட்டன. அதுவும் தூர்தர்ஷனும் ஒரே அமைச்சகத்தின் கீழ். அரசாங்கத்தின் இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் பெட்டி போக எவ்வளவு நேரமாகும்? வாரம் ஒரு நாள், சனி இரவு என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் ஒரு பழைய கார்ட்டூன் அல்லது செய்திப்படம், பிறகு ஒரு தமிழ்ப் படம் டைட்டில் முதல் வணக்கம் வரை. கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும். ஊமைப் படமென்றால் அதன் வேகத்தில் ஓட்டுங்கள். அன்று நொடிக்குப் பதினாறு, பதினெட்டு பிரேம் என்று கையால் சுற்றி எடுத்ததை இருபத்துநாலில் விட்டால் ஆட்கள் கோமாளி மாதிரி குதிப்பார்கள். முன்னுரை சொல்ல நட்சத்திரம் வேண்டாம். கோடம்பாக்கத்தில் ஓய்வுபெற்ற எடிட்டர்களும் லேப் ஆட்களும் இருக்கிறார்கள், ஆட்டோ அனுப்பினால் வருவார்கள்.

தொடக்கத்துக்கு 1957இல் வந்த ‘மாயாபஜார்’ போடலாம். ரங்காராவ் உட்கார்ந்திருக்க, லட்டுகள் தாமாகவே எழும்பி வாய்க்குள் போகுமே, அதைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு முன்னால் போட்ட கார்ட்டூனுக்கும் இதற்கும் உள்ள உறவு தானே விளங்கும். நேரம் மட்டும் ராத்திரி ஒன்பதுக்குள் இருக்கட்டும். விடியற்காலை மூன்று மணிக்குப் போட்டுவிட்டு, பார்க்க ஆளில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டர்,
பரமக்குடி