பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு: கத்ரீன் பிக்காரின் வேலை பாதியில் நிற்கிறது

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

கத்ரீன் பிக்கார் யூர் மாவட்டத்திலிருந்து சோசலிஸ்ட் கட்சி சார்பில் 1997இல் உங்கள் அவைக்கு வந்தார். 2002இல் வெளியேறினார். ஆட்களை மனத்தளவில் அடிமைப்படுத்திச் சுரண்டும் மதக் குழுக்களுக்கு எதிராக அந்த ஐந்து வருடத்தில் அவர் செய்துவிட்டுப் போனது சாதாரண வேலை இல்லை.

1995 டிசம்பரில் வெர்கோர் மலைக்காட்டில் 16 பேரின் எரிந்த உடல்கள் கிடந்தன. சூரியக் கோயில் சபை என்ற ரகசிய மதக் குழுவினர். அவர்களில் மூவர் குழந்தைகள். அதே மாதம் உங்கள் விசாரணைக் குழு 170க்கும் மேற்பட்ட இயக்கங்களை இத்தகைய குழுக்கள் என்று பெயர் சொல்லிப் பட்டியல் போட்டது. பட்டியலில் இருந்தவர்கள் எல்லோரும் குற்றவாளிகளா? இல்லாதவர்கள் எல்லோரும் யோக்கியர்களா? 2005இல் அரசே அந்தப் பட்டியலை நம்பி நடக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

பிக்காரும் செனட்டர் நிக்கோலா அபூவும் வேறு வழியில் போனார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று சட்டம் கேட்கக் கூடாது, ஓர் ஆளை அடக்கிவைத்து என்ன செய்யவைத்தாய் என்றுதான் கேட்க வேண்டும். முதலில் மனத்தை ஆட்டிப்படைப்பதையே தனிக் குற்றமாக எழுதியிருந்தார்கள். திருச்சபைகள் எதிர்த்தன. அதை எடுத்துவிட்டு, ஒருவரின் பலவீனத்தைப் பயன்படுத்திக் கேடு செய்யும் குற்றமாக மாற்றினார்கள். 2001 ஜூன் 12 அன்று சட்டமானது: மூன்று ஆண்டுச் சிறை, 3,75,000 யூரோ அபராதம். அந்த விட்டுக்கொடுப்பு சரியானது என்றே நான் நினைக்கிறேன். உறுப்பினர் ஒருவர் தற்கொலை செய்துகொண்ட ஒரு சிறு குழுவின் தலைவருக்கு 2004இல் நாந்த் நீதிமன்றம் இதே சட்டத்தில்தான் தண்டனை கொடுத்தது.

2024 மே மாதம் நீங்கள் ஒருவரை மன அடிமையாக வைத்திருப்பதையே குற்றமாக்கினீர்கள். சரி, நல்லது. ஆனால் குழுவிலிருந்து வெளியே வரும் ஒரு தாயை யோசித்துப் பாருங்கள். சேமிப்பைக் கொடுத்த காகிதத்தில் அவர் கையெழுத்துதான் இருக்கிறது. பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதும் அவர்தான். “யார் உங்களைக் கட்டாயப்படுத்தியது?” என்று காவல் நிலையத்தில் கேட்டால் என்ன சொல்வார்?

இது போலீஸ் மட்டும் பார்க்கிற விஷயமில்லை. பள்ளி, மருத்துவம், நீதி என எல்லாத் துறைகளும் சேர வேண்டியது. அதற்காகத்தான் இத்தகைய குழுக்களைக் கண்காணிக்கும் அரசின் மிவிலூட் அமைப்பு 2002இல் பிரதமரின் கீழ் தொடங்கப்பட்டது. 2020இல் அதை உள்துறைக்கு மாற்றியது தவறு. திரும்பப் பிரதமர் அலுவலகத்துக்கே கொண்டுவாருங்கள்.

அப்புறம், பதவி போனபின் பிக்கார் போய் நின்ற இடத்தையும் பாருங்கள். 2004இல் அவர் தலைமையேற்ற, பாதிக்கப்பட்டவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவும் உனாட்ஃபி போன்ற சங்கங்கள்தான் அந்தத் தாயின் கதையை முதலில் கேட்கின்றன. வரும் பட்ஜெட்டில் அவற்றுக்கு நிலையான நிதி ஒதுக்குங்கள்.

மரியாதையுடன்,
உங்கள் வாக்காளர் ஒருவர்