பொருந்தாத கைப்பிடித் தகடுகளால் பாட்டனாரின் சவரக்கத்தி பாழானது குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

வணக்கம். தங்களிடம் வாங்கிய எருமைக்கொம்புக் கைப்பிடித் தகடுகளைப் பற்றித் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் முறையிட்டு ஓய்ந்துபோன பிறகே இக்கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். தகட்டின் ஆணித்துளையும், இரு தகடுகளுக்கும் இடையே முனையில் செருகும் ஆப்பும் எப்படி அமைய வேண்டும் என்பதை, அவற்றைச் செய்து விற்கும் தங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இந்த மடக்குச் சவரக்கத்தி, என் பாட்டனார் ரங்கூனில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. கத்திகளுக்குப் பெயர்பெற்ற ஜெர்மனி நகரமான சோலிங்கனின் முத்திரை இன்றும் தெளிவாகத் தெரிகிறது. அதன் பழைய செல்லுலாய்டு (அந்தக் கால பிளாஸ்டிக்) பிடி சிதையத் தொடங்கியிருந்தது. அப்படிச் சிதையும்போது வெளிவரும் வாயு ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகி எஃகை அரித்துவிடும் என்று எச்சரித்து, கொம்புப் பிடியைப் பரிந்துரைத்ததே தங்கள் ஊழியர்தான். அலகின் அகலம் 6/8 அங்குலம் என்பதையும், ஆணித்துளையிலிருந்து நுனி வரையிலான நீளத்தையும் ஆர்டரிலேயே குறிப்பிட்டிருந்தேன்.

வந்த தகடுகளில் ஆணித்துளைகள் நேர்க்கோட்டில் இல்லை. கும்பகோணத்தில் பித்தளை ஆணியைத் தட்டி இறுக்கித் தந்த பாத்திரப் பட்டறைக்காரரே, பிறகு அதைக் கழற்றி, இரண்டு தகடுகளையும் சேர்த்துப் பிடித்து ஒரு தையல் ஊசியை நுழைத்துக் காட்டினார். ஊசி சாய்ந்தே நின்றது. நுனியை நோக்கிச் சரிந்து மெலிய வேண்டிய ஆப்பு, தட்டையான பிளாஸ்டிக் துண்டாக இருந்தது. விளைவு, கத்தியை மடக்கியதும் அதன் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, இடப்பக்கத் தகட்டில் மோதிச் சில்லு தெறித்துவிட்டது. அதைப் போக்க வாய் முழுவதையும் சாணைக்கல்லில் அந்த ஆழத்துக்குத் தேய்த்தாக வேண்டும். உலகில் எந்தப் பணத்தாலும் ஈடுசெய்ய முடியாத ஒரு பொருளைத் தாங்கள் அழித்துவிட்டீர்கள் என்றே சொல்வேன்.

இதைத் தெரிவித்தபோது தங்கள் சேவை மையத்தில் பேசிய நபர், "சார், அஞ்சு ரூபாய்க்கு ரேசர் கிடைக்குது, இதுக்குப் போய் ஏன் இவ்வளவு டென்ஷன்?" என்று கேட்டுச் சிரித்தார். பழைய கத்திகளுக்குப் பிடி விற்றுப் பிழைக்கும் நிறுவனத்தின் ஊழியர் பேசுகிற பேச்சா இது? அழைப்பைப் பதிவு செய்வதாகத் தாங்களே அறிவிக்கிறீர்கள்; தயவுசெய்து அதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அதே நபர்தான் சனிக்கிழமை நேரில் வந்தால் மாற்றித் தருவதாகச் சொன்னார். இரவு முழுவதும் பேருந்தில் வந்து சென்னையில் இறங்கினால், வாயிற்காவலர் பையைச் சோதித்து, "கத்தி - 1" என்று பதிவேட்டில் எழுதி அதை வாங்கி வைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் கடமையைச் செய்தார். உள்ளே போனால், சேவைப் பிரிவுக்குச் சனிக்கிழமை விடுமுறையாம். வரவேற்பில் இருந்தவர், தகடுகளைப் பார்க்காமலே, "எல்லாக் கத்திக்கும் பொருந்துற அளவுதான் சார்" என்றார். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றால் என்னிடம் அளவு எதற்குக் கேட்டீர்கள்? சிரித்தவர் பெயரைக் கேட்டேன், அதையும் தரவில்லை.

தங்கள் நிறுவனத்தின் மீது மரியாதை வைத்தே இன்னும் பொறுமையாக எழுதுகிறேன். தகடுகளின் விலையைத் திருப்பித் தர வேண்டும். தேர்ந்த சாணைக்காரரிடம் வாயைச் சீர்செய்யும் செலவையும், பயணச் செலவையும் ஏற்க வேண்டும். அந்த ஊழியர் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். மன உளைச்சலுக்கு 2 லட்சம் ரூபாய் கேட்பதும் அதிகமில்லை.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுத் தாக்கல் செய்வேன். வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர அச்சட்டம் இடமளிக்கிறது. இனி பேருந்து ஏற வேண்டியவர் தாங்கள்தான். ரசீது, தகடுகளின் புகைப்படங்கள், மின்னஞ்சல் நகல்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். பதிலை எழுத்தில் மட்டும் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசியில் யாரும் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கும்பகோணம்.