குச்சிக்கிழங்குப் பால்

அம்மாபேட்டை, சேலம்
டிசம்பர் 30

அன்புள்ள பிரியா,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. கோபமாகத்தான் இருப்பாய். திட்டுவதை நேரில் வைத்துக்கொள், இப்போது இதைப் படி. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். அம்மாவும் தம்பியும் நலம். பச்சைக்குடை டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். தூத்துக்குடி வெயில் உனக்குப் பழகிவிட்டதா?

பாரிஸ் எப்படி இருக்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் பார்த்த பாரிஸ் என் சமையல் பள்ளியின் சமையலறைதான். முதல் மாதம் முழுக்க கேரட் நறுக்கினேன். 2 மில்லிமீட்டர் சதுரத் துண்டுகள், புரூன்வாஸ் என்று பெயர். ஒரு துண்டு பெரியதாக இருந்தாலும் தட்டு திரும்பி வந்துவிடும். பிறகு குரோசான். மாவுக்குள் வெண்ணெயை வைத்து மும்மூன்றாக மூன்று தடவை மடித்தால் வெண்ணெய் 27 அடுக்காகும். நடுவில் வெண்ணெய் இளகிவிட்டால் அத்தனை உழைப்பும் வீண். கன்றுக்குட்டி எலும்பை வறுத்து மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து வடிக்கும் சாறுதான் அங்கே பல குழம்புகளுக்கு அடிப்படை. இது அம்மாவுக்குத் தெரியாது. நீயும் வாய் தவறிச் சொல்லிவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

பணக்கவலை இருக்கிறது. மாணவர் விசாவில் ஆண்டுக்கு 964 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். சனி, ஞாயிறுகளில் ஓர் உணவகத்தில் காய்கறி நறுக்குகிறேன். வருவது அறை வாடகைக்கே சரியாகிவிடுகிறது. வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. நடு இரவில் விழிப்பு வந்தால் அதை நினைத்துக்கொண்டே விடியும் வரை கிடப்பேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக.

அக்டோபரில் ஒருநாள் இனிப்பு வகுப்பு. ஆசிரியர் ஒரு கிண்ணத்தை மேசைமேல் வைத்து, "பெர்ல் டு ஜபோன்" என்றார். ஜப்பான் முத்து என்று அர்த்தம். எட்டிப் பார்த்தால் நம் ஜவ்வரிசி! எனக்குப் பொறுக்கவில்லை. "இது எங்கள் ஊரில் செய்வது, என் அப்பா அந்த ஆலையில்தான் வேலை செய்கிறார்" என்று சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "அப்படியா? கிழங்கு மாவு எப்படி உருண்டையாகிறது? பாலில் வெந்தும் ஏன் கரைவதில்லை?" என்று ஆவலாகக் கேட்டார். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்குப் பதில் தெரியவில்லை, பிரியா.

இருபத்திரண்டு வருடமாக அப்பா அங்கே உழைக்கிறார். நான் ஒருநாள்கூட கேட்டைத் தாண்டி உள்ளே போனதில்லை. ஆத்தூர் பஸ்ஸில் அந்தப் புளித்த வாடை வந்ததும் நாம் இருவரும் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொள்வோமே, நினைவிருக்கிறதா? அதே வாடை அப்பாவின் சட்டையிலும் வரும். பள்ளிக்கு அவர் வந்தால் நான் நாலடி தள்ளி நடப்பேன். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தித்தாளில் வந்ததைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். என்னிடம் நீட்டினார். நான் கைநீட்டி வாங்கக்கூட இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை லா ஷப்பேலுக்குப் போனேன். ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த இடம். "சவ்வரிசியா தங்கச்சி?" என்று கடைக்கார அண்ணன் எடுத்துக் கொடுத்தார். அறைக்கு வந்து பாயசம் வைத்தேன். குடிக்க மனம் வரவில்லை.

நேற்று அதிகாலை அப்பாவோடு ஆலைக்குப் போனேன். லாரியிலிருந்து குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, கொட்டிக்கொண்டிருந்தார்கள். தோல் உரித்து, கழுவி, தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டினால் பால் ஓடுகிறது, அப்படியொரு வெண்மை. தொட்டியில் மாவு படிந்ததும் நீரை இறுத்துவிட்டு, ஈர மாவை உதிர்த்து, தொட்டில்போல் கட்டிய துணியில் இட்டுக் குலுக்குகிறார்கள். குலுங்கக் குலுங்கத் தூள் தூளோடு ஒட்டி மணியாகிறது! வேறு எதுவும் சேர்ப்பதில்லை. பிறகு எண்ணெய் தடவிய இரும்புத் தட்டில் வறுவல். அதுதான் அப்பாவின் வேலை. அந்த அனலில் நான் ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. அவர் ஒரு மணியை எடுத்து முன்பல்லால் கடித்து, "மேல்தோல் வெந்துவிட்டது, உள்ளே இன்னும் மாவுதான். அந்தத் தோல்தான் பாயசத்தில் கரையாமல் காப்பாற்றும்" என்றார். பாரிஸில் கேட்ட கேள்விக்கு அவர் ஒரே நொடியில் பதில் சொல்லிவிட்டார். கடைசியில் களத்தில் கொட்டி வெயிலில் காயவைக்கிறார்கள். அங்கே நிற்கும்போது அந்த வாடை எனக்கு உறுத்தவே இல்லை.

ஜப்பான் முத்து என்ற பெயரைச் சொன்னதும் அப்பா சிரித்தார். "ஜாவாவிலிருந்து வந்த அரிசி என்றுதான் நாமும் ஜவ்வரிசி என்கிறோம். யுத்தத்தின்போது அது வருவது நின்று போனதால்தான் நம் ஊரில் செய்ய ஆரம்பித்தார்கள். அவர்கள் எந்தப் பெயரில் வேண்டுமானாலும் கூப்பிடட்டும், குழையாமல் வேகவைக்கச் சொல்" என்றார்.

பிப்ரவரியில் தேர்வு. ஒரு தட்டு நம் விருப்பத்துக்குச் செய்யலாம். ஜவ்வரிசி, தேங்காய்ப்பால், ஏற்காட்டு ஆரஞ்சு என்று தீர்மானித்திருந்தேன். ஆரஞ்சை அங்கே கொண்டுபோக விடுவார்களா என்பது சந்தேகம், தோலை மட்டும் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து எடுத்துப்போகலாமா என்று பார்க்கிறேன். உன் அத்தை போடும் ஆரஞ்சுத் தோல் ஊறுகாயின் பக்குவத்தைக் கேட்டு உடனே எழுது. உப்பு எவ்வளவு, எத்தனை நாள் வெயில், எல்லாம் வேண்டும். "கண்ணளவு" என்று சொன்னால் விடாதே.

அப்பா மூன்று கிலோ ஜவ்வரிசியை அவரே சலித்து, மணி பார்த்துப் பொறுக்கி, துணிப்பையில் கட்டி வைத்திருக்கிறார். இன்று காலை காபி குடிக்கும்போது திடீரென்று, "அந்த வாத்தியார் மறுபடி கேட்டால் திப்பியைப் பற்றியும் சொல்லம்மா. பிழிந்த சக்கையைக்கூட நாம் வீணாக்குவதில்லை, மாட்டுக்குத் தீவனமாகப் போகிறது" என்றார். இரவெல்லாம் அதையே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார் போலிருக்கிறது.

5ஆம் தேதி கிளம்புகிறேன். அதற்குள் ஒரு நாளாவது வா. தட்டுவடை செட் நீ வாங்கித் தர வேண்டியது மூன்று பாக்கி.

அன்புடன்,
நிவேதா