பழைய தியேட்டர் படங்கள்: உறுப்பினர்கள் கவனத்துக்கு

கடலூர், பாண்டிச்சேரிப் பக்கம் மூடிக்கிடக்கும் தியேட்டர்களைப் படம் எடுப்பவர்கள், உரிமையாளரிடம் கேட்காமல் உள்ளே போக வேண்டாம். முகப்பை எல்லாரும் எடுத்துவிடுகிறார்கள், நமக்கு முக்கியம் படம் ஓட்டுகிற ஆபரேட்டர் ரூம்தான்: புரொஜக்டர் வெளிச்சம் திரைக்குப் போகச் சுவரில் விட்ட சின்ன ஜன்னல்கள், அந்த வெளிச்சத்துக்காகக் கார்பன் குச்சி எரிந்த புகை வெளியே போகிற குழாய், ஒரு ரீல் சுமார் இருபது நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்பதால் பக்கத்திலேயே தயாராக நின்ற இரண்டாவது புரொஜக்டர். டிஜிட்டல் வந்ததும் பல இடங்களில் இதெல்லாம் எடைக்குப் போய்விட்டது. பழைய ஆபரேட்டர் யாராவது தெரிந்தால், அவர் சம்மதத்தோடு பேச்சைப் பதிவு செய்யுங்கள், அதுதான் அவசரம். காரில் உட்கார்ந்தே படம் பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டர் ஏன் குறைந்துபோனது என்று கேட்ட தம்பிக்கு: 1933-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் தொடங்கியது, ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும், மனை விலை ஏறினால் நிலத்தை விற்காமல் யார் விட்டுவைப்பார்கள்? அப்புறம், குழுவில் குட்மார்னிங் படங்கள் வேண்டாமே.