டொக் என்றால் வேறு, கிணுகிணு என்றால் வேறு

கோரிமேடு, சேலம்.

அன்புள்ள கண்ணு,

ஆக்சிலேட்டரை மிதித்தால் உன் கார் ஏதோ சத்தம் போடுகிறது என்று நேற்று போனை டேஷ்போர்டு மேல் வைத்துக் கேட்கச் சொன்னாயே, அந்தச் சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது. பேச்சு பாதியில் நிற்க உனக்கு மீட்டிங் வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். வண்டியை யாரிடமும் விடுவதற்கு முன் இதைப் படித்துவிடு.

போன மாதம் நம் வண்டியும் ஆக்சிலேட்டர் மிதித்தால் சத்தம் போட்டது. பெரியம்மாவைப் பார்க்க ஏற்காடு போய்க்கொண்டிருந்தேன். அடிவாரம் தாண்டி நாலாவது கொண்டை ஊசி வளைவு. இரண்டாம் கியரில் மிதித்ததும் முன்பக்கம் 'டொக்' என்று ஓர் அடி. காலை எடுத்தால் இன்னொரு 'டொக்'. இருபது வளைவும் ஏறி முடிப்பதற்குள் வயிற்றைக் கலக்கிவிட்டது.

நாக்கிங் என்றுதான் உடனே நினைத்தேன். எத்தனை வருஷம் அந்தப் பாடத்தைக் கரும்பலகையில் நடத்தியிருக்கிறேன்! சிலிண்டருக்குள் பிளக் பொறி வைத்ததும் தீ ஓரிடத்தில் தொடங்கிச் சீராகப் பரவ வேண்டும். அது போய்ச் சேருவதற்குள், மூலையில் மிச்சமிருக்கிற பெட்ரோலும் காற்றும் அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே பற்றி வெடித்தால் அதுதான் நாக்கிங். எளிதில் இப்படி வெடிக்காத ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, சட்டென்று வெடிக்கிற நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, பெட்ரோல் தானாகப் பற்றாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்று அளக்கிறார்கள், அந்த எண்தான் ஆக்டேன். நாக்கிங்கைத் தடுக்கத்தான் ஒரு காலத்தில் டெட்ரா எத்தில் லெட் என்ற காரீயச் சேர்மத்தைப் பெட்ரோலில் கலந்தார்கள். காரீயம் குழந்தைகள் மூளையைக் கெடுக்கிறது என்று நம் நாட்டில் 2000இல் நிறுத்தினார்கள். இவ்வளவும் தெரிந்ததால், விலை கூடுதலான ஹை ஆக்டேன் பெட்ரோலை நிரப்பினேன், பிளக் நாலையும் மாற்றினேன். டொக் அப்படியேதான் இருந்தது. ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் இன்ஜினை இறக்கிப் பார்க்க வேண்டும் என்றார்கள். அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

அப்புறம்தான் நம் தெரு முனை மெக்கானிக் தம்பியிடம் போனேன். அவர் ஸ்பானரையே தொடவில்லை. "டீச்சர், பானெட்டைத் திறந்து வச்சுட்டு நீங்க உள்ள உக்காருங்க" என்றார். ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்தி, முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சமே கொஞ்சம் விடச் சொன்னார். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரையும் நிற்க விடாமல், அவர் பக்கவாட்டில் நின்று பார்த்தார். பிறகு ரிவர்ஸ் கியரில் அதேபோல. இன்ஜின் லேசாக அசைவது சகஜமாம். நம்முடையது படுத்த மாடு எழுந்திருக்கப் பார்ப்பதுபோல ஒரு பக்கம் தூக்கி, டொக்கென்று இறங்கியது. இன்ஜினைத் தாங்குகிற மவுண்டிங் ரப்பர் கிழிந்து, இரும்பில் இரும்பு இடித்திருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்கிக்கொண்டிருந்ததும் அதனால்தான். ஒரு மாதமாக நடுங்கியது, நான் கவனிக்கவே இல்லை.

பழைய மவுண்டிங்கை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். ரப்பர் வெடிப்பில் என் சுண்டுவிரல் உள்ளே போகிறது. புதியது மாட்ட மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. மறுநாளே ஏற்காடு ஏறிப் பார்த்தேன், ஒரு டொக் இல்லை.

உன் சத்தம் இது இல்லை, கண்ணு. உன்னுடையது மிதிக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று என்று வரவில்லை. தகர டப்பாவில் பொடிக் கற்களைப் போட்டுக் குலுக்கினாற்போல, மிதித்திருக்கிற வரைக்கும் கிணுகிணுவென்று தொடர்ந்து வந்தது. நான் நடத்திய பாடம் உன் வண்டியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மும்பை - புனே சாலையில் கண்டாலா மலை ஏறும்போது எந்தக் கியரில் போகிறாய்? நாலாம் கியரில், வேகம் குறைந்து, இன்ஜின் திணறுகிறபோது காலை அழுத்தினால் நல்ல வண்டியும் கிணுகிணுக்கும். அடுத்த முறை ஒரு கியர் குறைத்துப் பார். சத்தம் சட்டென்று நின்றால் பெரும்பாலும் நாக்கிங்தான்.

அதோடு, காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் திரவத்தின் அளவைப் பார். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதே. சூடு ஏறினால் நாக்கிங்கும் ஏறும். பிளக் மாற்றினால் வண்டிப் புத்தகத்தில் சொன்ன நம்பர்தானா என்று கேள். உள்ளே கார்பன் படிந்திருந்தாலும் இப்படி வரும், அதை மெக்கானிக் பார்க்கட்டும். எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதே. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், அது நாக்கிங்கைக் குறைக்கத்தான் செய்யும். பழைய வண்டியில் ரப்பர் குழாய்களைக் கெடுக்கலாம், அது வேறு விஷயம்.

இன்னொன்றும் இருக்கிறது. சைலன்சர் குழாய் மேலே சூட்டைத் தடுக்க ஒரு மெல்லிய தகடு இருக்கும். அது ஸ்க்ரூ கழன்றாலும் இதே மாதிரிதான் அதிரும். வண்டி நன்றாக ஆறிய பிறகு கையால் ஆட்டிப் பார்க்கச் சொல்.

நியூட்ரலில் ரேஸ் பண்ணினாலும் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல கனமாக 'டொக் டொக் டொக்' என்று இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து அடித்தால் மட்டும் ஓட்டாதே. ஆயில் விளக்கு எரிந்தாலும் அப்படித்தான். அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்திவிட்டு, டோ வண்டியைக் கூப்பிடு. எத்தனை மணியானாலும் எனக்கும் போன் செய்.

ஞாயிற்றுக்கிழமை கியர் குறைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் நின்றதா என்று சொல். மெக்கானிக்கிடம் போனால் "சத்தம் வருகிறது" என்று மட்டும் சொல்லாதே. ஏற்றத்திலா, சமதளத்திலா, மிதிக்கும்போதா, விடும்போதா, எந்தக் கியரில் என்று தாளில் எழுதி எடுத்துப் போ. பெரியம்மா உனக்காக மிளகும் காப்பித்தூளும் கொடுத்தனுப்பியிருக்கிறாள், நாளை கூரியரில் போடுகிறேன்.

அன்புடன்,
அம்மா