டுஷேன் தசைச்சிதைவு ஆய்வு நிதி: பெற்றோர் குழுவின் வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

டுஷேன் தசைச்சிதைவு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் நாங்கள். மயோபதி என்று சொன்னால் சிலருக்குச் சட்டென்று புரியும்.

இந்த நோய் உள்ள மூன்று நான்கு வயதுப் பையன் தரையிலிருந்து எழுவதைப் பார்த்தாலே தெரியும். குப்புறத் திரும்பி இரண்டு கைகளையும் ஊன்றுவான். அப்புறம் முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல் நிமிர்வான். கெண்டைக்கால் மட்டும் திரண்டிருக்கும். கால் நல்ல உரம் என்று பாட்டிமார் மெச்சுவார்கள். எங்கள் வீடுகளிலும் மெச்சினார்கள். கல்லீரலைச் சோதிக்க ரத்தத்தில் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி அளவுகள் கூடியிருந்ததால் கல்லீரல் கோளாறு என்று மாதக்கணக்கில் அலைந்தவர்களும் எங்களில் உண்டு. தசை சிதைவதைக் காட்டும் சிபிகே என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது.

பெரும்பாலும் பன்னிரண்டு வயதையொட்டி நடை நின்றுவிடும். பிறகு மூச்சும் இதயமும் தளரும். ஸ்டீராய்டும் பிசியோதெரபியும் அதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது.

தசை நாரைத் தாங்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் உடம்பில் ஊறாததுதான் காரணம். அதற்கான மரபணுவை 79 பெட்டிகள் கோத்த ரயிலாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டியும் ஓர் எக்ஸான், அதாவது மரபணுவின் ஒரு துண்டு. நடுவில் சில பெட்டிகள் காணாமல் போனதால் மிச்சப் பெட்டிகளின் கொக்கிகள் மாட்டவில்லை. பக்கத்துப் பெட்டி ஒன்றையும் கழற்றிவிட்டால் மாட்டும். வண்டி குட்டையாகும், ஆனாலும் ஓடும். எக்ஸான் ஸ்கிப்பிங் என்பது இவ்வளவுதான். 51-ஆம் பெட்டியைத் தாண்டவைக்கும் எடெப்ளிர்சென் மருந்துக்கு 2016-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது பொருந்துவது நூற்றுக்குச் சுமார் 13 பிள்ளைகளுக்கு. அவர்களுக்கும் டிஸ்ட்ரோபின் கொஞ்சமாகத்தான் ஊறுகிறது. 2023-இல் அங்கே அனுமதி பெற்ற மரபணு சிகிச்சையின் விலை 32 லட்சம் டாலர். நம் நாட்டு அரிய நோய்க் கொள்கை தரும் உதவி 50 லட்சம் ரூபாய் வரைதான்.

அதனால்தான் ஒரு பிள்ளைக்கு ஊசி வாங்க நாங்கள் கேட்கவில்லை. ஆய்வுக்குக் கேட்கிறோம். எந்தப் பெட்டி போயிற்று என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். மரபணுப் பரிசோதனை செய்து அதைக் கண்டறிய வேண்டும். தோலில் சிறு துணுக்கு எடுத்துச் செல்களை வளர்த்து, பெட்டியைத் தாண்டவைக்கும் மூலக்கூறுகளை அவற்றில் சோதிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடையையும் மூச்சையும் அளந்து பதிய வேண்டும். இந்தப் பதிவேடு இல்லாமல் நாளை ஒரு மருந்து வந்தால் அது வேலை செய்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது? ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகையும் தர வேண்டும்.

நாளைக்கே மருந்து வந்துவிடும் என்று வாக்குக் கொடுக்க எங்களால் முடியாது. எங்கள் பிள்ளைகளில் மூத்தவனுக்கு வயது 19. விரல்கள் மட்டும்தான் இப்போது அசைகின்றன. தனக்கு இது பயன்படாமல் போகலாம் என்று அவனுக்குத் தெரியும். தோல் மாதிரி தர முதலில் பெயர் கொடுத்தவன் அவன்தான்.

மாதம் 200 ரூபாயானாலும் தொடர்ந்து தந்தால் ஆய்வு இடையில் நிற்காது. மொத்தமாகத் தருவதென்றாலும் சரி. ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை அனைவருக்கும் அனுப்புவோம்.

பணம் தர இயலாதவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். உங்கள் தெருவில் படியேறத் திணறும், அடிக்கடி விழும் சிறு பையன் இருந்தால், அவன் அம்மாவிடம் சிபிகே பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெற்றோர் குழுவினர்